ப்ளம் மரத்தடியில் தொப்பியைத் தொடாதவர்

ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், மூக்குக் கண்ணாடியும் முதுகுவலியும் உள்ள ஒருவன், ஒரு யோக்கியமான மனிதரை வேவு பார்ப்பதற்காகத் தர்பூசணிக் குவியலுக்குப் பின்னால் குந்தி உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் லூனாஸ் பட்டணத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பாதி ஊர் சாமான் வாங்க வந்துபோகிற நேரத்தில். இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், ஞாயிறு பதிப்பில் அவ்வப்போது ஏதோ வேடிக்கையாக எழுதுகிறவன் என்றெல்லாம் என்னை அறிந்தவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள். இரண்டு பேர் வணக்கம்கூடச் சொன்னார்கள். குந்தியபடியே பதில் வணக்கம் வைத்தேன்.

வேவு பார்க்கப்பட்டவர் எங்கள் குடியிருப்போர் குழுவின் தலைவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், “என் பேரை எதுக்குப் போட்டீங்க? நானே சொல்லிப் போட வச்சேன்னு நாலு பேர் நெனைக்க மாட்டாங்களா?” என்று பாலிங் ஊரிலிருந்து போன் வரும். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது. மீதிப் பாதிதான் என்னை இரண்டு வருடம் படுத்தியெடுத்தது.

லூனாஸிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய், நிலம் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் கைக்கு மாறியபோது, பழைய தொழிலாளர் லயத்தில் முப்பத்தொரு குடும்பங்கள் மிச்சமிருந்தோம். தோட்டத்தில் யாருக்கும் வேலை இல்லை. எல்லாரும் குளிம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் போய் வந்துகொண்டிருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். நிலத்தின் ஒரு ஓரத்தில் எங்களுக்கு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்துவிட்டு, மற்ற நிலத்தில் தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வதாக நிறுவனம் பேசியிருந்தது. பேசியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பேச்சைச் செங்கல்லாக்க ஒரு குழு தேவைப்பட்டது. குழுவுக்கு ஒரு தலைவர்.

அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவருக்குச் சீனம் தெரியும் என்பது. சின்ன வயதில் தமிழ்ப்பள்ளிக்குப் போக மூன்று மைல் நடக்க வேண்டும். சீனப்பள்ளி தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம். அவருடைய அப்பா மொழிப்பற்றையும் பிள்ளையின் கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கால்களின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆறு வருடம் சீனம் படித்துவிட்டு, பிறகு முப்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டினார் எங்கள் தலைவர். நிறுவனத்தின் மேனேஜரோ பினாங்குச் சீனர்.

“நம்மாளு ஒருத்தர் அந்த ஆளு பாஷையிலயே தனியா உக்காந்து பேசுனா, வேலை தன்னால முடிஞ்சிரும்லா,” என்று அஞ்சலை அக்கா முன்மொழிந்தார். லயத்தில் எனக்கு அடுத்த வீடு. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வாயில் மட்டும் எந்த உறையும் போட்டுக்கொள்ளாதவர். எல்லாரும் கைதட்டினோம். என்னைச் செயலாளராகப் போட்டார்கள். வீட்டில் கணினி இருந்தது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

தலைவர் எழுந்து நின்று முதல் அறிவிப்பைச் செய்தார். மேனேஜரோடு தனியாக உட்கார்ந்து பேசமாட்டாராம். சீனத்திலும் பேசமாட்டாராம்.

“அதுக்குத்தானே அண்ணே உங்களைப் போட்டோம்!” என்றேன்.

“குவா தியேன் லீ ஸ்யா,” என்றார்.

நாலே சொல். பெரிய பெரிய விஷயங்களையெல்லாம் சீனர்கள் நாலு எழுத்துக்குள் மடித்து வைத்திருப்பார்களாம். இவர் சீனப்பள்ளியில் படித்த பாடமெல்லாம் மறந்து, அந்த மடிப்புகள் மட்டும் ஞாபகத்தில் தங்கியிருந்தன. அதிலும் பழம் வருகிற மடிப்புகள். பசியோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு வேறு எது நினைவிருக்கும் என்று பிற்பாடு ஒருமுறை சொன்னார். நாலு சொல்லையும் எங்களுக்கு விரித்தார். பூசணித் தோட்டத்தில் குனிந்து செருப்பை மாட்டாதே. ப்ளம் மரத்தடியில் கையைத் தூக்கித் தொப்பியைச் சரிசெய்யாதே. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, குனிந்தவன் காயைத் திருடுகிறான், கை தூக்கியவன் பழத்தைப் பறிக்கிறான் என்றுதான் தோன்றும்.

“நான் அவர்கூட சீனத்துல பேசுறேன்னு வைங்க. நீங்க என்ன நெனைப்பீங்க? எனக்குன்னு ரெண்டு வீடு கேக்குறேன்னு நெனைப்பீங்க.”

“நாங்க அப்படியெல்லாம் நெனைக்க மாட்டோம்ணே.”

“இப்ப நெனைக்க மாட்டீங்க,” என்றார் அவர்.

ஆக, சீனம் தெரிந்த இரண்டு மனிதர்கள் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேருக்குமே தகராறான மலாயில், நடுவில் என்னை வைத்துப் பேசிக்கொள்ளும் காட்சியை நான் மாதம் ஒருமுறை அனுபவித்தேன். மேனேஜர் சில சமயம் பொறுமை இழந்து நேராகச் சீனத்தில் கேட்டுவிடுவார். தலைவருக்குப் புரிந்துவிடும், முகத்தில் தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பி, “என்ன கேக்குறாரு?” என்பார். எனக்கு எப்படித் தெரியும்? மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு மலாயில் மறுபடி ஆரம்பிப்பார். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டும். அந்த அலுவலகத்தில் எனக்குக் கோப்பி கொண்டுவரும் பெண் ஒருநாள், “அங்கள் பாவம்,” என்றே சொல்லிவிட்டாள்.

இதை நான் ஏதோ பேச்சளவில் உள்ள கொள்கை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. வெயிலுக்கு அவர் எப்போதும் ஒரு பழைய நீலத் தொப்பி போடுவார். நிறுவனத்தின் வாசலுக்கு வந்ததும் அதைக் கழற்றி மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். காலில் ரப்பர் சிலிப்பர். “ஷூ போட்டுட்டு வந்தா என்னண்ணே, மரியாதையா இருக்கும்ல?” என்று கேட்டேன். “கயிறு அவுந்தா குனியணும்,” என்றார். சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. வேடிக்கையாக எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய எரிச்சல் கிடையாது.

சீனப் புத்தாண்டுக்கு மேனேஜர் அவர் வீட்டுக்கு ஒரு பெட்டி மண்டரின் ஆரஞ்சு அனுப்பினார். இந்த நாட்டில் யாரும் யாருக்கும் அனுப்புகிற பழம். தலைவர் பெட்டியைத் திறக்கவில்லை. பிரிக்காத பெட்டியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்கு வந்து, எல்லார் கண் முன்னாலும் கத்தியால் டேப்பைக் கிழித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். முப்பது வீட்டோடு பெட்டி காலி. பாக்கி இருந்த ஒரு வீடு அவருடையது. அப்போது இதை யாரும் கவனிக்கவில்லை. நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். பதிலுக்குத் தீபாவளிக்கு எல்லா வீட்டிலும் முறுக்கு வசூல் செய்து, ஒரு டின்னில் போட்டு, முப்பத்தொரு கையெழுத்தோடு மேனேஜருக்கு அனுப்ப வைத்தார். பீச்சைப் போட்டால் ப்ளம்மைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அதற்கும் நாலு சொல் இருந்தது.

கூட்டங்கள் பழைய ஆயாக்கொட்டகையில் நடக்கும். தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன கொட்டகை அது. அதே பிள்ளைகள் இப்போது நரைத்த தலையோடு வந்து உட்கார்ந்தோம். அழுகை மட்டும் மாறவில்லை. “எப்ப வீடு? எப்ப வீடு?” என்று ஆரம்பித்தால் நாற்காலி பறக்கிற அளவுக்குப் போகும். அதற்குத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கூட்டம் தொடங்குமுன் சட்டைப் பையிலிருந்து அசாம்போய்ப் பொட்டலத்தை எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டே வருவார். உப்பும் இனிப்பும் ஏற்றிக் காயவைத்த சின்னப் புளிப்புப் பழம். சீனக் கடைகளில் பாட்டில் பாட்டிலாக இருக்கும். வாயில் போட்டால் கொட்டையோடு கால் மணி நேரம் நிற்கும். கன்னத்தில் கொட்டையை ஒதுக்கிக்கொண்டு யாராலும் கத்த முடியாது. எச்சில் ஊறிக்கொண்டே இருப்பதால் பாதிக் கேள்விகள் தொண்டைக்குள்ளேயே இறங்கிவிடும். அவர் மட்டும் சாப்பிடமாட்டார். தலைவர் பேச வேண்டுமல்லவா.

பேச்சு என்றால் எப்போதும் ஒரே கதை. ஒரு படை வெயிலில் போகிறது. தண்ணீர் இல்லை. சிப்பாய்கள் சுருண்டு விழப்போகிற நேரத்தில் தளபதி சொல்கிறான், மலைக்கு அந்தப் பக்கம் ப்ளம் தோப்பு இருக்கிறது, பழம் காய்த்துத் தொங்குகிறது, அத்தனையும் புளிப்பு. கேட்டதும் எல்லாருக்கும் வாயில் நீர் ஊறுகிறது. அந்த ஊறலிலேயே நடந்து போய்விடுகிறார்கள்.

“இப்ப உங்க வாயில இருக்குதே, அதே பழந்தான்,” என்று முடிப்பார். “நடங்க.”

முதல் தடவை எனக்குப் புல்லரித்தது. இதை நம்பிக்கைக்கு உவமையாக வைத்து, குளிமில் ஒரு கல்யாண மேடையில் உரையே நிகழ்த்தினேன். ஆறாவது தடவை கேட்டபோது புல்லரிக்கவில்லை, அரித்தது. சீனப்பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற, படம் போட்ட சொற்றொடர் அகராதி ஒன்றை வாங்கினேன். மலாயிலும் பொருள் போட்டிருந்தது. ப்ளம்மைப் பார்த்துத் தாகம் தீர்ப்பது: கிடைக்காத ஒன்றைக் கற்பனை செய்து தன்னைத்தானே ஏமாற்றி ஆறுதல் அடைவது. கல்யாண மேடையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து இதைத்தான் நான் வாழ்த்தாகச் சொல்லியிருக்கிறேன்.

அகராதியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்தேன். “தலைவரே, இது பொய் சொல்லி ஏமாத்துற கதைன்னு போட்டிருக்கு!”

அவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “அந்தப் படை தண்ணிக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையா?”

“சேர்ந்துச்சு.”

“அப்பறம் என்னலா?” என்று அகராதியை மூடிக் கொடுத்தார். “தோப்பு இல்லைன்னு மொதல்லயே சொல்லியிருந்தா எவன் நடந்திருப்பான்?”

இன்னொரு முறை அகராதி அவர் பக்கம் சாய்ந்தது. நிறுவனத்திலிருந்து முதல் கடிதம் வந்தபோது, அலுவலக மலாயில் இருந்த அந்தக் கடிதத்தை நான் ஏற்ற இறக்கத்தோடு படித்து, “எல்லாருக்கும் வீடு!” என்று மொழிபெயர்த்தேன். கொட்டகை அதிர்ந்தது. அஞ்சலை அக்கா என் தலையில் கைவைத்து ஆசீர்வாதமே செய்தார். தலைவர் கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு, “செயலாளர் பேரீச்சம்பழத்தைக் கொட்டையோட முழுங்கிட்டாரு,” என்றார். மெல்லாமல் விழுங்கினால் ருசியும் தெரியாது, உள்ளே என்ன போனது என்பதும் தெரியாது. படித்ததைப் புரிந்துகொள்ளாமல் ஒப்பிக்கிறவனுக்கு அப்படிச் சொல்வார்களாம், அகராதியிலும் அப்படியே இருந்தது. அவர்களுடைய சிவப்புப் பேரீச்சை நம்முடைய இலந்தைக்குப் பங்காளி, பேரீச்சையே அல்ல என்று பதிலுக்கு நான் ஒரு தாவரவியல் விளக்கம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடிதத்தின் நடுவில் ‘தகுதியுள்ள குடியிருப்பாளர்கள்’ என்று இருந்தது. “தகுதின்னு எவன் முடிவு பண்றான்?” என்று கேட்டார். என் தலையில் இருந்த கையை அஞ்சலை அக்கா எடுத்துக்கொண்டார்.

தகுதிக்குப் பெயர்ப்பட்டியல் வேண்டும், வரிசை எண் போட்டு வேண்டும் என்று அடுத்த கடிதம் வந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். தமிழ் எழுத்தும் மலாய் எழுத்தும் சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் ஏதாவது ஒரு பெயரை அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. விரல்கள் தாமாகவே என் பெயரை அடித்தன. பிறகு அதை இடம் மாற்ற நேரம் கிடைக்கவில்லை. பட்டியல் என்னிடம் இரண்டு வாரம் இருந்தது. இரண்டாவது பெயர் அஞ்சலை அக்கா. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலைவருடைய பெயரை மூன்றாவதாகப் போட்டேன். அவர் பார்த்துவிட்டு, “என்னைக் கடைசில போடுங்க,” என்றார்.

“இதுல என்னண்ணே இருக்கு? வெறும் நம்பர்தானே.”

“வெறும் நம்பர்தானே? அப்ப கடைசில போடுங்க.”

போட்டேன். முப்பத்தொன்று.

இனி அந்தச் சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள், குழுவின் வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள்: எங்கள் சாலை முனையில் தலைவருடைய மோட்டார் சைக்கிள், பக்கத்தில் மேனேஜரின் கார். கீழே ஒரு சொல்கூட இல்லை. ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும். அதற்கு அடியில் பதினேழு சிரிப்புப் பொம்மைகள். இரண்டு வருடமாக வீடு வராத ஊரில் சந்தேகத்துக்கு எழுத்து தேவையில்லை. எனக்கும் உள்ளே புழு நெளிந்தது. நம்மிடம் இத்தனை நேர்மை பேசுகிற மனிதரிடம் ஏதாவது ஒரு ஓட்டை இருந்தே ஆக வேண்டும் என்ற ஆசை, சொல்லப்போனால். அவருடைய நேர்மையால் நான் தவறவிட்ட மதியச் சாப்பாடுகளுக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது.

ஆகவே, மறுநாள் சனிக்கிழமை அவர் மோட்டார் சைக்கிளில் கிளம்பியபோது, பின்னாலேயே கிளம்பினேன். லூனாஸில் சீனக் கோப்பிக்கடை முன்னால் நிறுத்தினார். உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு பழக்கடை. நான் தர்பூசணிக் குவியலுக்குப் பின்னால் போனேன்.

பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். தலைவர் உள்ளே போகவில்லை. “சினி சாஜா, போஸ்,” என்று, இங்கேயே போதும் என்கிறமாதிரி நடைபாதையிலேயே நின்றார். தொப்பி கண்ணாடியில் தொங்கியது. இரண்டு கையையும் முன்னால் கோத்துப் பிடித்திருந்தார், ஊருக்கே தெரியும்படி. மேனேஜர் கோப்பிக் குவளையோடு வெளியே எழுந்து வந்து ஏதோ சொன்னார். நாலு நிமிடம். சீனத்தில். தலைவர் பதிலும் சொன்னார். சீனத்தில்! முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்த மொழி முழு வாக்கியமாக வருவதைக் கேட்டேன். ஒருமுறை தலையை ஆட்டினார். ஒருமுறை வேண்டாமென்று அசைத்தார்.

அந்த நேரம் பார்த்து என் ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடப்பதைக் கவனித்தேன். குந்தியிருந்தவன் அப்படியே குனிந்தேன்.

“என்ன தம்பி, பழத்துக்கு அடில கையவிட்டு என்ன தேடுறீங்க?” பழக்கடைக்காரரான நானாவின் குரல், மார்க்கெட்டுக்கே கேட்டது. “வேணும்னா எடுத்துத் தர்றேன். உருட்டுனீங்கன்னா மொத்தமும் சரிஞ்சிரும்!”

“இல்ல நானா, கயிறு...”

“கயிறு கட்டுறதுக்கு வேற எடமே இல்லையா ஒங்களுக்கு?”

எதிர்ப்பக்கத்திலிருந்து தலைவர் திரும்பிப் பார்த்தார். தெருவைக் கடந்து வந்தார். குவியலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கயிறைப் பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“செயலாளரே, ரெண்டு வருசமா மண்டை காயக் காயச் சொன்னேனே, இதத்தான் சொன்னேன்.” நானாவிடம் திரும்பி, “நம்ம ஆளுதான் நானா. பழம் எடுக்க வரல, என்னைய எடுக்க வந்திருக்காரு,” என்றார். போய்விட்டார்.

ஒரு தர்பூசணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த இரவே அதை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, அவமானத்தை மறந்திருக்கலாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால்.

கொட்டகையில் அன்று கூட்டம் அதிகம். தலைவர் வழக்கம்போல ஆளுக்கொரு அசாம்போய் கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது ஒரு நொடி நின்று, கண்ணில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தார். அவர் நாற்காலிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அசாம்போய் கூடுதலாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். எழுந்து நின்றார்.

“இன்னிக்கு ஒரு முக்கியமான விசயம் பேசணும். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.”

தர்பூசணிக் கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று எனக்கு உறைத்தது. எல்லார் முன்னாலும். வாட்ஸ்அப்பில் முப்பது சிரிப்புப் பொம்மைகளை என் கண்கள் பார்த்துவிட்டன. கொட்டையை எடுத்துக் கைக்குட்டையில் துப்பிவிட்டு எழுந்தேன்.

“அதுக்கு முன்னால சபைக்கு ஒரு விசயம் தெரியணும் தலைவரே. நேத்துக் காலையில கோப்பிக்கடை வாசல்ல மேனேஜர்கூட நாலு நிமிசம் சீனத்துல பேசுனீங்க. என்ன பேசுனீங்க?”

முப்பது வாய்கள் சப்புவது நின்றது. கொட்டைகள் தரையில் விழும் சத்தம் கேட்டது. “ஓஹோ!” என்றது ஒரு குரல். “அதான் மேனேஜர் காடி ரோட்டு முனையில நின்னுச்சா?” என்றது இன்னொன்று. “நமக்கெல்லாம் ப்ளம் கதை, அவருக்கு மட்டும் தோப்பா?” என்று பின்வரிசை சிரித்தது.

அவர் என்னைப் பார்த்தார். தர்பூசணி பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சபையே என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. குதிகாலால் அந்த டின்னை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார். சட்டைப் பையில் கைவிட்டு, ஒரு அசாம்போயை எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

“வீடு வரும்,” என்றார், கன்னம் புடைக்க. “போங்க.”

வந்தது. ஆறு மாதத்தில். பந்தல் போட்டு, பட்டியல்படி பெயர் வாசித்துச் சாவி கொடுத்தார்கள். முதல் பெயர் என்னுடையது. சாவியோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கியபோது மேனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்று அவருக்கு நல்ல மனநிலை. மலாயில் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்.

“உங்கள் தலைவர் பெரிய பிடிவாதக்காரர். மின்சாரக் கட்டடத்துக்கு ஒரு மனை போய்விட்டது, வீடு முப்பதுதான், பட்டியலில் கடைசிப் பெயரை வெட்டப்போகிறார்கள் என்று அன்றைக்கே கோப்பிக்கடையில் சொன்னேன். உங்கள் பெயரை மேலே மாற்றிக் கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். சரி, எல்லாரையும் வைத்துக் குலுக்கல் போடுங்கள் என்றேன். அது நல்ல யோசனை, நாளைக்கே போடுகிறேன் என்றார். பிறகு ஏன் போடவில்லை?”

பதினைந்தாவது பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைதட்டினேன். கையில் சாவி இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

பந்தலின் கடைசியில், தொப்பியைக் கையில் பிடித்தபடி, அவரும் ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார். முப்பது வரைக்கும். அதற்குப் பிறகு நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். “எனக்கென்னலா, மக பாலிங்ல இருக்கா. கூப்பிட்டுக்கிட்டே இருக்கா,” என்று எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். நம்புவது வசதியாக இருந்தது.

கொட்டகையை இடிக்குமுன் மேசை நாற்காலிகளை எடுக்கப் போனபோது அந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். மடித்த காகிதச் சீட்டுகள். முப்பதில் வீட்டு எண்கள், அவருடைய சீனப்பள்ளிக் கையெழுத்தில், பட்டை பட்டையாக. முப்பத்தொன்றாவது சீட்டு வெறுமையாக இருந்தது. என் கேள்விக்குப் பிறகு அந்த டின்னை அவர் எப்படித் திறந்திருப்பார்? மேனேஜரோடு பேசிவிட்டு வந்து, தன் கையாலேயே எழுதிய சீட்டு. திறந்திருந்தால் பின்வரிசை என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியும்.

அடுத்த பழக்காலத்தில் பாலிங்குக்குப் போனேன். சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பெட்டி ப்ளம் வாங்கிக்கொண்டேன், ஐஸில் வைத்து எங்கிருந்தோ வந்தது. வழிநெடுக மன்னிப்பு வாசகத்தை ஒத்திகை பார்த்தேன். மகள் வீட்டு முற்றத்தில், பழம் தொங்கிய லங்சாட் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தலையில் அதே தொப்பி. மரத்தடியில் தொப்பியோடு அவரைப் பார்த்தது அப்போதுதான். பெட்டியைப் பிரித்து ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“இதான் அந்தத் தொப்பி மரத்துப் பழம். அசாம்போய் வேற பழம். சீனத்துல ரெண்டுக்கும் வேற வேற பேரு. நமக்கு எல்லாம் ப்ளம்தான்.”

“அண்ணே, அன்னிக்குக் கூட்டத்துல நான்...”

“தர்பூசணி எப்படி இருந்துச்சு? இனிப்பா?”

“அண்ணே, அது இல்ல. அந்த டின்ன நான் பாத்தேன்...”

“நீங்க குந்தி இருந்தீங்க பாருங்க! இப்ப நெனைச்சாலும்...” என்று சிரிக்க ஆரம்பித்தார். வாசகத்தின் முதல் வரியைத் தாண்ட அவர் விடவில்லை. நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் தர்பூசணியில் கொண்டுபோய் விட்டார். கிளம்பும்போது மகளைக் கூப்பிட்டு, நான் கொண்டுபோன பெட்டியின் எடைக்குச் சரியாக ஒரு பை லங்சாட் கட்டிக்கொடுக்கச் சொன்னார். வாங்கியதற்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மன்னிக்கவும் இல்லை, மன்னிக்காமலும் இல்லை. நாற்பது மைல் புளிப்பும் இனிப்புமாகத் தின்றுகொண்டே வந்தேன். கொட்டைகளை ஜன்னல் வழியாகத் துப்பினேன்.

இதையெல்லாம் எழுதி முடித்து, போன வாரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அஞ்சலை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இப்போதும் அடுத்த வீடுதான், இரண்டாம் எண். வேலை முடிந்து வந்த களைப்போடு, கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே எனக்குப் பெரிய பாராட்டாக இருந்தது. முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி,” என்றார் அக்கா. “மேனேஜரு சொன்னப்ப சாவி உன் கையிலதானே இருந்துச்சு? அப்ப ஒன் வாயில அசாம்போய் ஒண்ணும் இல்லையே?”